குடுமிக்கு அடங்காத முடி

குரோதன வருடம், கார்த்திகை 4, வியாழன். பதுளை.

விடிந்தும் மழை. போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து வெள்ளைக் கட்டி. அடுப்போரம் வைத்து உருக்கினேன். கணக்குத் தாள்கள் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தாமதம்.

முடி ஈரத்தில் இழுத்தால் பிடரியைத் தொடுகிறது. காய்ந்ததும் காதுக்கு மேலே ஏறிக்கொள்கிறது. சுருள் சுருளாக. இதில்தான் கட்டுக்குடுமி போட வேண்டும்.

இதுவரை செய்து பார்த்தவை:

விளக்கெண்ணெய். படிந்தது. முதல் மணி அடிப்பதற்குள் நிமிர்ந்துவிட்டது. காலர் பாழ்.

சோற்றுக் கஞ்சி. காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பையன்கள் ஈர் என்று நினைத்திருப்பார்கள்.

ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குவது. தலைவலி. காலையில் முன்பக்கம் சப்பை, பின்பக்கம் கீரிப்பிள்ளை.

காரணம் அக்கா புருஷன், என் அத்தான். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணியிடம் எனக்குப் பெண் கேட்டார். படிப்பைப் பற்றிக் கங்காணி ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரே கேள்வி: "பையனுக்குக் குடுமி இருக்கா?" அவருடைய மூத்த மகன் கொழும்புக்குப் போய்க் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தவன். பெரிய சண்டை. திரும்பிப் போனவன் வரவே இல்லை. அன்றிலிருந்து கிராப்புத் தலையைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அத்தான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் கட்டுக்குடுமிங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறு நிச்சயதார்த்தம்.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கங்காணி மகள் பார்வதி.

சென்னையில் கல்லூரிச் சங்கக் கூட்டத்தில் குடுமியைப் பற்றி நான் பேசியது. அறிவின் மேல் போட்ட முடிச்சு என்றேன். கைதட்டல். அந்த வாரமே வெட்டிக்கொண்டேன். அன்று கண்ணாடியில் பார்த்த முகத்தை இன்று நினைத்தால் காது சுடுகிறது.

5, வெள்ளி.

மழை விடவில்லை. கடைத்தெருவில் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. வளையல், ரிப்பன், சவுரி முடி.

"ஆருக்கு மாஸ்டர்?"

"அக்காவுக்கு."

"அக்காட முடி நேரா, சுருளா?"

"சுருள்."

என் தொப்பிக்கு வெளியே பிதுங்கியதைப் பார்த்தார். "ஒங்கட மாதிரியா?"

"ஆமாம்."

"அது வராது மாஸ்டர். இருக்கிறதெல்லாம் நேர் முடிதான்."

அதையே வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தோம். என் சுருளுக்குக் கீழே கம்பி போல நேராகத் தொங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் பொத்தவில்லை. "ஆட்டுக்குக் குதிர வால் மொளச்சிருக்கு."

எழுதாமல் விட்டது ஒன்று. பார்வதிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறவள், மழை பிடித்தால் தாயோடு அக்கா வீட்டில் ஒதுங்குவாள். ஆவணியில் ஒரு நாள் தலை துவட்டியபடி கூடத்துக்கு வந்தேன். அவள் மட்டும் நின்றிருந்தாள். கிராப்பை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு அக்காவிடம் சொன்னது கேட்டது: "ஒங்க தம்பி தலை என்னக்கா, சொன்ன பேச்சே கேக்காது போல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம்.

தகப்பனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயதார்த்தமே இல்லை. என் பொய்க்குள் அவளையும் இழுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

6, சனி.

சற்று வெயில். பிறகு மூட்டம்.

அக்கா தகரப் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சு எடுத்து வந்தாள். அம்மாவின் சவுரி. சீப்பில் வந்த முடியையெல்லாம் அம்மா சுருட்டிச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைப்பாள். அதைச் சேர்த்துக் கட்டியது. அம்மா போன பிறகு யாரும் தொடவில்லை.

"இது ஒன்னோட சேரும். ரெண்டும் ஒரே சுருட்டை."

வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

கறுப்பு நூலால் கட்டி இறுக்கினாள். சேர்ந்த இடமே தெரியவில்லை. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் அம்மா.

அத்தான்: "மேல தலப்பா. கீழ கொஞ்சம் குடுமி தெரியும். எவன் கண்டுபிடிப்பான்?"

அம்மா ஆயுளில் பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்கு முடி தந்திருக்க மாட்டாள்.

8, திங்கள்.

நேற்று எழுத முடியவில்லை.

கங்காணி வீட்டு வாசல். பந்தல். பாயில் இரண்டு பக்கத்து ஆட்களும். தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். கையில் புது உருமால்.

பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை தலையில் தன் கையால் உருமால் கட்டுவது வழக்கம். எங்கள் ஆட்களுக்கும் அதே வழக்கம்தான். அத்தானுக்கே கட்டினார்கள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முடியையே நினைத்துக்கொண்டிருந்தோம், கையை நினைக்கவில்லை.

அத்தான் முகம் சாம்பல்.

தாய்மாமன் என் தலைப்பாகையை எடுத்தார். உள்ளங்கை நெற்றியிலிருந்து பின்னால் போயிற்று. முடிச்சில் நின்றது. ஒரு விரல் அடியில் நுழைந்து நூலைத் தொட்டது. தோட்டமே மூச்சு விடாத மாதிரி இருந்தது எனக்கு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

காதருகே வெற்றிலை மணம். "மாப்ள, பொம்பள முடியா?"

தலையாட்டப் போனேன்.

"அசையாம இருங்க. கழண்டுறும்."

காது மடங்குகிற அளவுக்கு இறுக்கிக் கட்டினார். நிமிர்ந்து, சபைக்குக் கேட்க: "நல்ல முடி."

கங்காணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது: "பட்டணத்துல படிச்சும் அப்படியே வெச்சிருக்கான் பாருங்க." கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரின் காலைத் தொட்டேன். தொட்ட கை இது. எழுதுகிற கையும் இது.

பார்வதி உள்வாசலில். ஒரு தடவை பார்த்தாள். முகம் சிவந்து குனிந்துவிட்டாள். வெட்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வெட்கம்தான். எனக்காக.

12, வெள்ளி.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, தலை குளித்து, அடுப்பருகே காய வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓடி வந்து கையால் ஏதோ காட்டினாள். புரிவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

பெரிய கங்காணி. நாற்காலியில். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டு, கடுக்கன், நரைத்த குடுமி.

என் தலையைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"ஒங்களுக்கு உருமா கட்டுன எம்மச்சினன் நேத்து சொல்லிட்டான்."

நின்றேன்.

"யாரு முடி அது?"

"அம்மாவோடது."

அக்கா உள்ளே அழுகிற சத்தம்.

"எம்மகன் கிராப்பு வெட்டிட்டு எம்முன்னால வந்து நின்னான் தம்பி. அடிச்சேன். அப்பவும் நின்னான். நீங்க படிச்சவரு. செத்த தாயோட முடிய ஒட்ட வெச்சிக்கிட்டு வந்து என் காலத் தொட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"தட்டத் திருப்பி அனுப்புறதா வேணாமான்னு ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்களக் கூப்பிட்டுப் பேசப்போறேன். ஆள் அனுப்புறேன்."

தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

சங்கக் கூட்டத்தில் பேசியவன் எங்கே. மேடையில் நூறு பேருக்கு முன்னால் சொன்னதை ஒரு கிழவருக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. குடுமி வேண்டாம் என்பது எனக்குக் கருத்தாகக்கூட இருந்ததில்லை போல. அங்கே கைதட்டல் வேண்டியிருந்தது. இங்கே பார்வதி. இரண்டு இடத்திலும் தலையைக் கொடுத்தேன்.

14, ஞாயிறு.

தலையில் எண்ணெய் வைக்கவில்லை. வாரவில்லை. குளித்து, தானாகக் காயவிட்டேன். அத்தான்: "ஆள் அனுப்புறேன்னுதான சொன்னாரு? நீ ஏன் போற?" தொப்பி எடுக்கவில்லை. ரயிலில் தெமோதரை வரை. அங்கிருந்து ஏற்றம்.

மூட்டத்தில் முடி இன்னும் பொங்கியது. லயத்துத் தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்த பெண்கள்:

"ஏய், இது நிச்சயத்துக்கு வந்த மாப்ளயில்ல? குடுமி எங்கடி?"

"மழையில கரஞ்சிருச்சி."

"தலையப் பாரேன். குருவி குஞ்சு பொரிக்கும்."

சிரிப்பு வளைவு வரை கூட வந்தது.

கங்காணி வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர். தாய்மாமன் என்னைப் பார்க்காமல் வெற்றிலையைத் துப்பினார். தாம்பூலத் தட்டு பெஞ்சின் மேல் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

கங்காணி: "யாரு?"

தெரியாமல் கேட்கவில்லை.

"பதுளை வாத்தியார். போன ஞாயித்துக்கெழம பொய்முடி வெச்சிக்கிட்டு வந்தவன்."

யாரோ இருமினார்கள்.

"எம்மச்சினன் மறைச்சதும் தப்பு" என்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்து: "பார்வதி. ஒனக்குத் தெரியுமா?"

உள்ளேயிருந்து, நிதானமாக: "தெரியும்ப்பா. ஆவணியிலயே."

"ஏன் சொல்லல?"

"அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

இதுவரை பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை. காலடியில் சேறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கங்காணி எழுந்து வந்து என் முன்னால் நின்றார். தலையைச் சுற்றிப் பார்த்தார், விற்பனைக்கு வந்த மாட்டைப் பார்ப்பது போல.

"தை மாசம் கல்யாணம். உருமா கெடையாது. எண்ணெ போட்டுப் படிய வாரக்கூடாது. இதே தலையோட மணவறையில உக்காரணும். ஏழு தோட்டத்து ஆளுங்களும் வருவாங்க. எல்லாரும் பாக்கட்டும். முடியுமா?"

முடியும் என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன்.