மூணாவது பின்

ஸ்ரீ சிட்டி

நைனாவுக்கு மகள் பவ்யா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

போன வாரம் எங்கள் ரூமில் ரைஸ் குக்கர் ஷாக் அடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், "எர்த் பின்னை ஒடச்சிட்டு சொருவிக்கினு இருக்கீங்களே" என்று திட்டினார். உடனே நம் வீட்டு கிரைண்டர்தான் ஞாபகம் வந்தது. ரெண்டு ஓட்டை பாயின்ட்டில் நுழையவில்லை என்று, "மூணாவது பின்னு இன்னாத்துக்கு? அழகுக்குத்தான்" என்று நீங்கள்தானே ஒடித்தீர்கள்! "தொட்டா சுர்ருன்னுது" என்று அம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சாமி படம் இருப்பதால் அவள் சமையலறையில் செருப்பும் போடமாட்டாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறாள் நைனா.

எர்த் ஒயர் இழுத்து, மூன்று ஓட்டை பாயின்ட் வையுங்கள். அதுவரை மாவைக் கடையில் வாங்குங்கள். அந்த கிரைண்டரை அவள் தொடவே கூடாது.

நம் ஊர் புத்தலப்பட்டிலிருந்து யாராவது இங்கே வந்தால் அம்மா போட்ட ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். சாப்பிட ஒரு ஸ்பூனும் வேண்டும்.

ரூமில் கூட இருக்கும் ரேஷ்மா டியூட்டிக்குக் கிளம்புகிறாள், தபாலில் போட இதை அவளிடம் கொடுக்க வேண்டும். எழுத்து ஏன் கோணல் என்று அம்மா கேட்டால், அவசரத்தில் எழுதினாள் என்று சொல்லுங்கள். இடது கையால் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பவ்யா