இரண்டாவது போர்ட்

இன்று புதிய சர்வர் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் புதுக் கேபிளின் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. நீ போன பிறகு இந்த அறையில் நான் புதிதாக எதையும் பிரித்ததில்லை.

திருத்தணியில், இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நாம் இரண்டே பெண்கள். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் நான்கு சர்வர்களும் நம் பொறுப்பு. ஒவ்வொரு படத்தையும் அவை தங்களுக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று பழுதானால், குறைந்துபோன நகல்களை மற்றவை உருவாக்கத் தொடங்கும். அப்போதெல்லாம் டாக்டர்களின் திரையில் படம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். படமும் நகலும் கேபிள் செருகும் ஒரே போர்ட் வழியாகப் போனதுதான் காரணம். ஒவ்வொரு சர்வரின் பின்புறமும் இன்னொரு போர்ட் காலியாகக் கிடந்தது.

"காலியா வெச்சிகினு இன்னாடி பண்றது? நகல் எடுக்கறதெல்லாம் அதுல போவட்டும். டாக்டருங்களுக்கு அது குறுக்க வரக்கூடாது" என்றாய்.

"ஓடிகினு இருக்கறத ஏம்மா நோண்டறீங்க?" என்றார் மேலாளர். நீ விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு அனுமதி வாங்கினாய். சர்வர்களை இணைக்கத் தனி சுவிட்ச் பெட்டி, தனி முகவரிகள், நீலக் கேபிள்கள். எல்லாம் மாட்டியபின் ஒரு சர்வர் கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொன்னது. பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றது. நீ வாயில் பிஸ்கட்டோடு தரையில் உட்கார்ந்து தேடினாய். ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் அளவைச் சர்வர்களில் கூட்டியிருந்தோம்; சுவிட்சில் கூட்டவில்லை. கூட்டியதும் விளக்குகள் படபடவென்று மின்னின. "போவுது பாரு!" என்று என் முதுகில் அறைந்தாய்.

ஆடிக் கிருத்திகை அன்று அது நடந்தது. காவடிக் கூட்டத்தில் ஊரே அடைத்துக் கிடந்தது. உனக்கு மதிய ஷிப்ட். காலையிலேயே ஒரு சர்வர் செத்துப்போனது. நகல் வேலை முழுக்க இரண்டாவது போர்ட்டில் பாய்ந்துகொண்டிருந்தது. பயந்துபோய் அவசரப் பிரிவுக்கு போன் செய்து, படம் வருகிறதா என்று கேட்டேன்.

"உடனே தொறந்துச்சிக்கா. தலை ஸ்கேன். டாக்டர் பாத்துகினு இருக்காரு" என்றாள் நர்ஸ்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் எண்ணை அழைத்தேன்.

எடுத்தது அதே நர்ஸின் குரல். "அக்கா... இது உங்ககூட வேலை செய்றவங்க போனா? லாரி அடிச்சி இட்டாந்தாங்க. மூஞ்சி அடையாளம் தெரியலக்கா."

படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை. டாக்டரின் திரையில் விரிந்திருந்தது உன் தலை. சற்றுமுன் நான் சந்தோஷப்பட்ட அதே படம். உடனே பார்த்தார்கள், உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். எங்கும் தாமதமில்லை. அப்படியும் நீ திருவள்ளூரைத் தாண்டவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்த நாளில் நீ எப்படிச் செத்தாய்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, நீ நைனா என்று கூப்பிட்ட உன் அப்பா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்.

"பாப்பா படம் ஒண்ணு உங்க மிஷின்ல கீதாமே?"

"அது முகம் இல்ல நைனா. உள்ள எடுத்த ஸ்கேன்."

"தெரியும்மா. பத்திரமா இருக்குதா?"

"ஆங். பத்திரமா இருக்குது நைனா."

காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதன்பின் அந்தப் படத்தை நான் திறந்ததே இல்லை. ஆனால் தினமும் வேலைக்கு வந்ததும், அதன் நகல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறேன். அவருக்குச் சொன்ன பதில் பொய்யாகிவிடக் கூடாது.