பாசி கட்டிய மரம்

என்னைத் தூக்கி வளர்த்த நல்லம்மா அக்காவுக்கு,

நீ போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உனக்கு எழுத்துத் தெரியாது. இருந்த நாளிலேயே, "எழுதறத ஆராச்சும் படிச்சுச் சொன்னாத்தான் எனக்கு வெளங்கும். வாயால சொல்லித் தொலைடா சாமி" என்பாய். அதனால் நாளைக் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் இதை உரக்கப் படிக்கப் போகிறேன். ஏன் அங்கே என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

முதலில் எஸ்டேட் செய்தியைச் சொல்கிறேன். குளிர்காய்ச்சல் மருந்துக்குப் பட்டை தரும் நம் கொயினா மரங்களை வெட்டுகிறார்கள். எங்கிருந்தோ மலிவான பட்டை வந்து இறங்கியதில் நம் மலைப் பட்டையைச் சீந்த ஆளில்லை. அந்தச் சரிவு முழுவதும் காப்பி வைக்கச் சொல்லிவிட்டார் துரை. பட்டைக் கொட்டகைக்கு இப்போது பூட்டுக்கூடக் கிடையாது. சாவி மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

என் மகள் செல்லம்மாளை மாரமங்கலத்தில் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மூக்கும் உன்னுடையது, கோபமும் உன்னுடையது. போன மாதம் அந்தக் குழந்தைக்குக் குளிர்காய்ச்சல் கண்டு இங்கே தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போதெல்லாம் ஏற்காடு தபாலாபீசிலேயே கொயினாப் பொட்டலம் விற்கிறார்கள் அக்கா. நீ இருந்தால், "கடுதாசிய எச்சி தொட்டு ஒட்டறவன் மருந்தும் விக்கறானா" என்று சிரித்திருப்பாய்.

செல்லம்மாள் பொடியைத் தண்ணீரில் கலக்கினாள். ஊட்டும் முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இது அத்தை எனக்குக் குடுத்த கசப்புங்க."

"அத்தை உனக்குக் குடுத்தது எலைக் கசாயம், கண்ணு."

"எலை இல்லீங்கப்பா, பட்டைங்க. தண்ணி செவசெவன்னு இருக்கும். 'அப்பன் கேட்டா எலைன்னு சொல்லு சாமி, பட்டைன்னு தெரிஞ்சா அவன் பொழப்புப் போயிரும்'னு தலைல கை வெச்சு சத்தியம் வாங்குச்சுங்க. அப்பறம் எனக்கு மறந்தே போச்சுங்க. இன்னைக்கு நாக்குத்தான் நெனப்புக் காட்டுச்சு."

பதினேழு வருஷம் அக்கா. பதினேழு வருஷமாக எனக்கு அது தெரியாது.

களத்தில் நிற்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அன்று இந்த மலைக்கே வரவில்லை. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ தாலியறுத்து வந்தபின் என்னோடு மலைக்கு வந்து, பட்டை உரிக்கும் வேலையில் சேர்ந்தாய். நான் பட்டைக் கொட்டகையில் கணக்கெழுதும் ரைட்டர். மரத்தில் ஒரு கீற்று உரித்தால் பக்கத்துக் கீற்றைத் தொடக் கூடாது. உரித்த இடத்தைப் பாசியால் மூடி நாரால் கட்ட வேண்டும். பாசிக்கடியில் புதுப் பட்டை வளரும். உன் அளவுக்குப் பதமாக அதைக் கட்ட ஆள் கிடையாது. ஒரு துண்டுப் பட்டை வீட்டுக்குப் போனாலும் திருட்டு. அதை ஆட்களுக்கு நாள் தவறாமல் சொன்னவன் நான்தான்.

ஒரு மழைக்காலத்தில் என் பெண்டாட்டி இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு இறங்கினாள். குளிர்காய்ச்சல் ஓயாத அடிவாரம் வரை கூடப் போன செல்லம்மாள் அங்கே ஓரிரவு தங்கி வந்து, பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கம்பவுண்டரிடம் கொயினா தீர்ந்துபோயிருந்தது. நம் மலையில் உரித்த பட்டை கப்பலேறிப் போய்ப் பொடியாகி, சேலம் வந்து, மறுபடி மலை ஏற வேண்டும். அதுவரை என் குழந்தை தாங்க வேண்டும்.

"நீ வேலையப் பாரு. அந்த மரத்து எலையக் கொதிக்க வெச்சுக் குடுக்கறேன். எலைக்கு ஆரும் காவல் இல்லையே" என்றாய் நீ. நாலாம் நாள் குழந்தை எழுந்து சோறு கேட்டது. நான் கொயினா இலையின் மகிமையைக் கூலியாட்களின் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ மட்டும், "இஞ்சின்னா தோலச் சீவோணும், கடுக்கான்னா கொட்டைய வீசோணும். நன்னாரிக்கு வேரு, சந்தனத்துக்கு வைரம். எதுக்கு எது நல்லதுன்னு ரைட்டருக்கு நொம்பத் தெரியுமாக்கும்" என்று கேலி செய்தாய். அந்தக் கேலிக்குள் நீ என்ன சொன்னாய் என்று அன்றே நான் யோசித்திருக்கலாம்.

அதே வாரத்தில்தான் கடைசி வரிசை மரத்தில் யாரோ ஒரு கீற்றுப் பட்டை உரித்திருப்பதை மேஸ்திரி கண்டுபிடித்தார். போய்ப் பார்த்தேன். உரித்த இடத்தில் பாசி வைத்துப் பூக்கட்டும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. "திருடனுக்கு மரத்து மேல என்ன கரிசனம் பாருங்க" என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன். நீ செல்லம்மாளுக்குப் பூக் கட்டும்போது அந்த முடிச்சைத் தினமும் பார்க்கிறவன் நான்; அப்படியும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் கத்தினேன். "எந்தக் கை உரிச்சுதோ, அந்தக் கைக்காரங்க சட்டிபானையோட அடிவாரம் எறங்கோணும். என் கூடப் பொறந்தவளா இருந்தாலும் சரி." துரை காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். நீ மூன்றாம் வரிசையில் கம்பளியைப் போர்த்தி நின்றாய். தலை குனியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

இரண்டு மாதம் கழித்து, என் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிவர நீதான் இறங்கினாய். மழை பிடித்துக்கொண்டதில் மூன்று நாள் அடிவாரத்தில் கிடந்து, குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு மலை ஏறி வந்தாய். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தது. கம்பவுண்டரிடம் மறுபடியும் இல்லை என்ற பதில்தான்.

நான் கவலையே படவில்லை. போய் இலை பறித்து வந்து கொதிக்க வைத்தேன். கிண்ணத்தை நீட்டியபோது உள்ளே எட்டிப் பார்த்தாய்.

"எலையா சாமி?"

"எலைதாங்க்கா. செல்லத்துக்குக் கேட்டுச்சே, உனக்குக் கேக்காதா?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு வாங்கிக் குடித்தாய். ஐந்து நாள், வேளைக்கு ஒரு கிண்ணம், ஒன்றும் சொல்லாமல் குடித்தாய்.

ஏன் அக்கா சொல்லவில்லை? பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் தம்பிக்கு வேலை போய்விடும் என்றா? நான் உன்னை நிஜமாகவே இறக்கிவிடுவேன் என்று நினைத்தாயா? அல்லது நானாகவே சாவியை எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தாயா?

இதையும் சொல்லிவிடுகிறேன். இதை என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று தெரிந்தபோது என் கை இடுப்பிலிருந்த கொட்டகைச் சாவியைத் தொட்டது. இலை போதுமென்றால் துரை ஏன் பட்டைக்குக் காவல் வைக்கிறார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. தோன்றியதும் கையை எடுத்துவிட்டேன். பெரட்டில் கத்தியவனுக்குப் பயம். இலையை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆறாம் நாள் காலை, பெரட்டுக்குத் தப்பட்டை அடிக்கும் நேரத்தில், நீ போனாய்.

செல்லம்மாள் குழந்தைக்குக் கொடுக்குமுன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உனக்குக் கொடுத்ததை நான் ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்கவில்லை.

அவள் சொன்ன மறுநாள் கடைசி வரிசைக்குப் போனேன். உன் மரம் இன்னும் நிற்கிறது, அடுத்த வாரம் வெட்டுவார்கள். நீ கட்டிய பாசியும் நாரும் என்றோ போய்விட்டன. உன் தோள் உயரத்தில் ஒரு கீற்று மட்டும் மற்றப் பட்டையைவிட வழவழப்பாக வளர்ந்திருக்கிறது. அதில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

இப்போது அந்த மரத்தை முழுக்க உரித்து லைனுக்குப் பங்கிட்டாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்பாரற்ற பட்டையைக் கொடுத்து நான் நல்லவனாக முடியாது. அந்தச் சமயம் எனக்கு ஒருமுறைதான் வந்தது, அதை விட்டுவிட்டேன்.

ஆனால் நான் சொன்ன சொல் ஒன்று அந்தக் களத்திலேயே கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்க வேண்டியவன் நான். நாளைக் காலை, அன்று நான் நின்று கத்திய இடத்தில் அல்ல, நீ நின்ற மூன்றாம் வரிசையில் நின்று இதைப் படிப்பேன். பட்டை உரித்த அந்தக் கை என் கூடப் பிறந்தவளுடைய கைதான் என்று துரை காதிலும் விழும்படி சொல்வேன். நீ தலை குனியவில்லை. நானும் குனியாமல் சொல்லப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு இலையைக் கொடுத்த
உன் தம்பி