சீக்கிரமாகப் பொங்கும் ரொட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். முட்டி வலி மட்டும் மாடிப்படி ஏறும்போது உயிரை வாங்குகிறது. எலக்ட்ரீஷியன் வந்து கூடத்து விளக்கைச் சரிசெய்தார், அவர் போன கையோடு குளியலறை விளக்கு எரியவில்லை, அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, அது கிடக்கட்டும். இப்போது விஷயம் உன் அம்மா.

நீ வாங்கிக் கொடுத்த ரொட்டி மெஷின் நன்றாகவே ஓடுகிறது, அதுதான் சந்தேகம். மெஷின் பிசைந்து முடித்ததும் நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க மாவைப் பொங்கவிட்டு, காலையில்தானே சுடும் பட்டனை அழுத்த வேண்டும்? ரொட்டியைப் பொங்கவைக்க நீ பாட்டிலில் மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்துவைத்த புளிமாவு மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று நீதானே சொன்னாய். இப்போதோ நான் பேப்பர் படித்து முடிப்பதற்குள் ரொட்டி தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. கடித்தால் புளிப்பே இல்லை. மருந்துக் கடையில் காலம் தள்ளியவன் நான், சரக்கு மாறினால் தெரியாதா? கேட்டதற்கு, "மாவு நல்லாத்தான் இருக்கு, உங்க நாக்குதான் செத்துப்போச்சு" என்று வாயை அடைத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட என்ன வேணும் என்று சமையலறை வாசலை மறிக்கிறாள்.

விடுவேனா, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் துழாவினேன். டீத்தூள் டப்பாவுக்குள் ஈஸ்ட் பாக்கெட்டுகள், மாவைச் சட்டென்று பொங்கவைக்கிற கடைச் சரக்கு. சிங்குக்கு அடியில் பழந்துணியில் சுற்றிய உன் பாட்டில், மாவு எவ்வளவு பொங்குகிறது என்று பார்க்க நீ நெயில் பாலிஷால் கோடு போட்டாயே அதே பாட்டில், உள்ளே மாவு வெந்து செங்கல்லாக இறுகிக் கிடக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன மாதக் குளிரில் மாவு தூங்குகிறதே என்று கதகதப்புக்காகப் பாட்டிலை அப்படியே மெஷினுக்குள் வைத்திருக்கிறாள், கைப்பழக்கத்தில் சுடும் பட்டனையும் அழுத்தியிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நேற்றுக் காலை ஓசைப்படாமல் போய் நின்றேன். புதுப் பாட்டிலில் மாவும் தண்ணீரும் கலக்கி, அதிலும் அதே மாதிரி கோடு போட்டு, துண்டால் போர்த்திக்கொண்டிருந்தாள். "அவ வர்றதுக்குள்ள எப்படியாவது பொங்கிடும்மா" என்று அதனிடம் கெஞ்சுகிறாள். வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். நான் வரும்வரை இதைச் சாகவிடாதே என்று நீ விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாய், அவள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். மாவு போனது தெரிந்தால் நீயும் வரமாட்டாய் என்று பயப்படுகிறாள், பைத்தியக்காரி.

உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். லீவு இல்லை, லீவு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய், வேறு ஏதாவது என்றால் என்னிடம் மறைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். அம்மாவிடம் எதையும் உளறிவிடாதே, வந்தாலும் பாட்டிலை மோந்து பார்க்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே. போனை எடுத்ததும் மாவு எப்படி இருக்கு என்றுதான் எப்போதும் முதலில் கேட்கிறாய். அடுத்த தடவை, நீ எப்படிம்மா இருக்கே என்று கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா