காற்று ஓய்ந்தாலும் கரைக்கு இறங்காதிருக்க

கடல் மூன்று புறமும் காக்கும் நெய்தலங்கோட்டு நாட்டுக்கு முடியும் குடையும் ஆனவரும், நெல்லையும் மீனையும் ஒரே படியால் அளந்து குடிகளை வாழவைப்பவரும், அலையடக்கிய குலத்தின் தலைமகளும் ஆகிய பேரரசி வெண்ணாவல் தேவியார் திருமுன்பு, சங்குவார்துறையிலிருந்து கடற்காவல் அமைச்சன் ஏறன் சாத்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் திருவடி நீடு வாழ்க. அத்திருவடி, இவ்வோலையைக் கேட்டு முடிக்கும்வரையேனும், மாளிகைப் படியை விட்டு இறங்காதிருக்க.

ஆநிரை நலமா, ஏரிகள் நலமா, யானைகள் நலமா என்று வினவிய பிறகே செய்தி சொல்லுதல் முறை. எல்லாவற்றையும் வினவிவிட்டதாகவே தேவியார் கொள்ள வேண்டும். சங்குவார்துறையைக் கடந்த புயல் வளைகுடாவுக்குள் இறங்கித் தலைநகராம் மணற்றேர்ப் பட்டினத்தை நோக்கி வருகிறது. ஓலை சுமக்கும் குதிரை வளைகுடாவைச் சுற்றி ஓடியாக வேண்டும். புயலுக்கோ குறுக்குவழி இருக்கிறது. அடியேன் வளர்ந்த கடைவீதியில், வேண்டுவதைக் கடைசியில்தான் வாய்திறந்து கேட்போம். இன்று அதற்கு நேரமில்லை; முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மணற்றேர்ப் பட்டினத்தில் காற்று ஓய்ந்து வெயில் அடிக்கும்போது, அலையடக்கு மணியை எடுத்துக்கொண்டு தேவியார் கரைக்கு இறங்கக் கூடாது. ஏன் என்பதை இனி எழுதுகிறேன்.

புயல் எங்கிருந்து வருகிறது என்று முன்பொருமுறை தேவியார் அவையில் வினவியபோது, அது கடல்தெய்வத்தின் பெருமூச்சு என்று ஒரு புலவர் பாடினார். அழகாக இருந்தது, எல்லாரும் தலையசைத்தோம். கடற்காவல் மாடத்தில் நாங்கள் காண்பது வேறு. கோடை முழுவதும் வெயிலைக் குடித்த கடல், ஐப்பசியில் கைவைத்துப் பார்த்தால் கஞ்சிப்பானைபோல் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் ஈரம் மேலே எழும். எழுந்த இடத்தை நிரப்ப, சந்தை திறந்ததும் முண்டியடிக்கும் கூட்டம்போல் நாற்புறத்துக் காற்றும் வந்து நெருக்கும். வரும் காற்று நேரே வராமல் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி வருவதால் செக்குமாடுபோல் சுற்றத் தொடங்கும். சுற்றச் சுற்ற மேலும் ஈரம், மேலும் மழை, மேலும் வேகம். வெதுவெதுப்பான நீர் அடியில் இருக்கும்வரை அதற்குத் தீனிக்குக் குறைவில்லை. நிலத்தில் நெடுந்தொலைவு நடந்தால்தான் பட்டினி கிடந்து சாகும். எங்கள் நிலமோ ஒரு நாக்குத்துண்டு. அதை ஒரே தாண்டலில் தாண்டி, மறுபடியும் சூடான வளைகுடா நீரில் வாய்வைத்துவிட்டது.

இப்பருவத்தில் பிறந்தவற்றுள் இது நான்காவது. பிறப்பன பெரும்பாலும் தவழும் பருவத்திலேயே கலைந்துபோகும். கடலில் ஆங்காங்கே காவலர் இருக்கும் சிறு தீவுகளான திட்டுகளுள், முதலில் காணும் திட்டினர் பெயர் சூட்டுவது எங்கள் வழக்கம். முதலாவது கடலிலேயே தடுமாறி அழிந்தது. அதற்கு நொண்டி என்று பெயரிட்டார்கள். இரண்டாவது, மழையைக் கொட்டிவிட்டு மறைந்த சொட்டைத்தலையன். மூன்றாவது வடக்கே வேற்றரசன் கரைக்குப் போனதால் அயல்வீட்டான். நான்காவதை முதலில் கண்டது நாரைத்திட்டு. ஞாயிற்றைச் சுற்றி வட்டம், இறகுபோன்ற மேகம், காற்றே இல்லாமல் கரையில் வந்து விழும் நெடிய அலை என்று முறையாகப் புறாவழிச் செய்தி அனுப்பினார்கள். பெயர் மட்டும் அனுப்பவில்லை. இந்தப் புயலுக்கு இன்றுவரை பெயரில்லை.

அதை நாங்கள் பின்தொடர்ந்த விதத்தையும் தேவியார் அறிய வேண்டும். அடியேன் கூறுவது குறியோ கனவோ அன்று. மாடத்தின் தரையில் நம் கடல் முழுவதையும் சுண்ணத்தால் வரைந்திருக்கிறோம். திட்டுக்கு ஓர் ஆணி. புறா வந்ததும், அத்திட்டில் வீசும் காற்றுக்கு முதுகுகாட்டி நிற்பவனுடைய இடக்கைப் பக்கமாக ஆணியிலிருந்து நூலை இழுத்துக் கட்டுவோம். புயலின் நடு அந்த நூலின்மேல் எங்கோ இருக்கும். வேறொரு திட்டின் நூல் அதை வெட்டும் இடத்தில் ஒரு சோழியை வைப்போம். சோழிகள் நடக்கும் வழியே புயல் நடக்கும் வழி. அவை எந்தப் பக்கமும் சாயாமல் எங்களை நோக்கியே நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சோழி நாரைத்திட்டின் ஆணிமேலேயே போய் அமர்ந்தது. அப்போது அங்கிருந்து ஒரு புறா வந்தது. காற்று நின்றுவிட்டது, நல்ல வெயில், வலைகளைக் காயப்போடுகிறோம், பெயரை யோசித்துப் பிறகு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதே பொழுதில் அத்திட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள திட்டுகள் மரங்கள் வேரோடு போவதாக எழுதின. புயலின் நடுவில் அமைதியான முற்றம் ஒன்று உண்டென்று கடலோடிகள் சிலர் சொல்வார்கள்; அது கள் பேசும் பேச்சென்று நாங்கள் நகைப்போம். அன்று அந்தச் சோழியைப் பார்த்தபோது மாடத்தில் ஒருவரும் நகைக்கவில்லை. நாரைத்திட்டிலிருந்து பிறகு புறா வரவில்லை.

அதன்பின் புயல் இங்கு வந்தது. காலை முழுவதும் வாடைக்காற்று ஊரைப் பிய்த்தெறிந்தது. எங்கள் துறை தெற்கு நோக்கியதாகையால், அக்காற்று கடலையே பின்னுக்குத் தள்ளித் துறையின் தரையை வெறும் சேறாக்கிவிட்டது. படகுகள் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. நண்பகலில், யாரோ கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றது. வெயில் வந்தது. ஊரார் அழுகையும் சிரிப்புமாக வெளியே வந்து கரைமேட்டில் நிறைந்தார்கள். அரச குலத்தவர் ஒருவர் முதலில் இறங்கி, கடலில் கால்நனைத்து, மணியடித்த பிறகே குடிகள் இறங்க வேண்டும் என்னும் நம் நாட்டு வழக்கத்தை யாரும் மீறவில்லை. காத்து நின்றார்கள்.

இத்துறையை ஆளும் இளங்கோ, தேவியாரின் தம்பியார் ஆதன் அழிசியார், வெண்பட்டு உடுத்து மணியோடு வந்தார். படியில் குறுக்கே நின்று, ஆணிமேல் அமர்ந்த சோழியைப் பற்றி அடியேன் கூறினேன். அவர் சிரித்தார்.

"என்னய்யா சாத்தா, இந்த வெயில்ல நின்னுக்கிட்டு மழைக்குக் குடை விக்கிறே?"

துணிக்கடியில் விரல்பிடித்துப் பேரம் பேசி வளர்ந்தவன் நான். அன்று பேசியதுபோல் என்றும் பேசியதில்லை. மதில் நிழல் வாயிலைத் தொடும்வரை பொறுக்க வேண்டினேன். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் தருவதாகச் சொன்னார். மென்றுமுடித்தார். அவர் பிடிவாதத்தால் இறங்கினார் என்று தேவியார் எண்ணலாகாது. கீழே நிற்பவர்களின் பிழைப்பெல்லாம் சேற்றில் கிடக்கிறது என்றும், தம் கால் படாமல் அவர்கள் தங்கள் படகைத் தொட முடியாது என்றும் கூறிவிட்டே என்னை விலக்கினார். நீர் பின்வாங்கியிருந்தபடியால் கால்நனைக்கச் சேற்றில் நெடுந்தொலைவு நடந்தார். மணியடித்தார். ஊரே இறங்கி ஓடியது.

பிறகு பறவைகள் வந்தன. நடுக்கடலை விட்டு வாராத பறவைகள், பறக்கமாட்டாமல் மனிதர் தோளிலும் படகு விளிம்பிலும் வந்து அமர்ந்தன, பிடித்தாலும் கொத்தவில்லை. இளங்கோ ஒன்றைக் கையில் ஏந்தியபடி நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் கிணற்றின் அடியில் நிற்பதுபோல் இருந்தது; சுற்றிலும் வானளாவிய மேகச்சுவர், மேலே ஒரு வட்டம் நீலம். கிழக்குச் சுவர் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது.

அதன்பின் அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. மணி தொங்கும் கோலால் அடித்தும் வைதும் மக்களைக் கரைமேட்டுக்கு விரட்டினார். வலையை விடமாட்டேன் என்றவனை வலையோடு சேர்த்து இழுத்துவந்தார். நடக்கமாட்டாத ஒருத்தியைத் தூக்கிவந்து படியில் கிடத்தியபோது, தம் கணையாழியைக் கழற்றி என் உள்ளங்கையில் அழுத்தினார். அவர் கூறியதை ஓலைமொழியில் திருத்தி எழுத எனக்கு உரிமையில்லை.

"அக்காகிட்ட சொல்லு சாத்தா. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே மணியடிச்சிட்டேன். அவ இறங்க வேணாம்."

கடைசிப் படகருகே இன்னும் சிலர் நின்றார்கள். அவர்களை நோக்கித் திரும்பி ஓடினார். அப்போது தென்காற்று அடித்தது. காலையில் தள்ளப்பட்ட கடல் முழுவதும் அதன் முன்னால் வந்தது. தேவியார் என்னை எப்போதும், பிடிகொடுக்காமல் பேசுகிறவன் என்பார். இதில் ஐயத்துக்கு இடம்வைத்து எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். நான் கண்ணால் கண்டேன். இளங்கோ திரும்பவில்லை.

இனித் தலைநகரைப் பற்றி. மணற்றேர்ப் பட்டினத்துத் துறையும் தெற்கு நோக்கியது. அங்கும் முதலில் வாடை அடித்துக் கடலைப் பின்தள்ளும். கடல் அஞ்சி ஒதுங்கியதாகப் பாடப் புலவர்கள் முன்வருவார்கள். பிறகு திடீரென்று அமைதியும் வெயிலும் வரலாம். புயல் மெய்யாகவே முடியும்போது இப்படி முடியாது. முணுமுணுத்துக்கொண்டே, மெல்ல மெல்லத் தளர்ந்து, மழை சிறுத்துத்தான் முடியும். வாடையாக வந்தது தென்காற்றாகவும் அடித்து ஓயும்வரை, அதில் பாதி இன்னும் கடலில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். அரசி இறங்காவிட்டால் கடல் அவமதிப்பாகக் கொள்ளும் என்று கோயில் தலைவர் வாதாடக் கூடும். அப்படியானால் முதலில் அவரையே இறங்கச் சொல்லலாம். இறங்காதிருக்க நல்ல காரணம் அவருக்கே தோன்றிவிடும்.

ஓலை கண்டவுடன் மீனவர் குடிகளை யானைமேட்டு நெற்களஞ்சியத்துக்கு ஏற்றுவிக்க. மணிநாவைத் துணியால் சுற்றிக் கட்டுவிக்க. அரசியின் கால் படாமல் இந்நாட்டில் ஒருவரும் கடலில் கால்வைக்கமாட்டார்கள்; ஆகையால் தேவியார் மாளிகையில் அமர்ந்திருப்பதே பட்டினத்துக்குப் பூட்டு. வெயிலைக் கண்டு மக்கள் வாயிலில் கூடி அழைப்பார்கள். அன்போடுதான் அழைப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அசையாதிருப்பது எளிதன்று என்பதை, தம்பியார் முகத்தைப் பார்த்த நான் அறிவேன்.

தென்காற்று இன்னும் கூரையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வோலையை இருவழிகளில் இரு குதிரைகளில் விடுத்திருக்கிறேன். எது முந்தினும் அதுவே செல்லுபடியாகும்.

அமைச்சன் அரசிக்கு ஆணையிடுதல் எந்நாட்டிலும் இல்லை. ஆகவே மேலே எழுதிய யாவும் என் வேண்டுகோள். ஆணை ஒன்றே ஒன்று, அது என்னுடையதன்று. தேவியார் தம் கையால் தம்பிக்கு அணிவித்த கணையாழியின் மீனும் மணியும் கீழே அரக்கில் பதிந்திருக்கின்றன. விரலால் தொட்டுப் பார்த்து, அவர் சொல்லைக் கேட்க. மணி அடித்தாயிற்று.

இளங்கோ ஆதன் அழிசியார் ஆணை. முத்திரை அவருடையது. எழுத்து ஏறன் சாத்தனுடையது.