சிவப்புச் சேலைக் காட்சி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயிலோடு மல்லுக்கட்டிப் படம் எடுக்கிறோம். படத்துக்காக நீ போடும் நம் பழைய வீட்டு செட் எந்த அளவில் இருக்கிறது? சுவர், நாற்காலி, பாத்திரம் எல்லாம் சாம்பல் நிறம். அம்மா நம்மை விட்டுப் போகும் காட்சியில் அவள் சேலை மட்டும் சிவப்பு. குற்றம் யார் மேல் என்று வசனமே இல்லாமல் புரிய வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

ஒரே வாரத்தில் வீடு கட்டச் சொல்லிவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடவும் சொல்கிறாய். நல்ல கரிசனம். சுவருக்குச் சாம்பல் அடித்தாகிவிட்டது. சிவப்புச் சேலை மட்டும் தர மாட்டேன். அன்று அம்மா கட்டியிருந்தது வெளுத்துப்போன நீலம். எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு நாலு. சாம்பல் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சிவப்பைக் கட்டிவிட்டால், தீ வைத்தவள் அவள்தான் என்று ஆகிவிடும். நீ பார்க்க மறுக்கும் அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறவள் நான்.

அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

பாசத்தை வேலையில் கலக்காதே. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கண்ணால் பார்த்தேன். சிவப்புச் சேலை. தெருமுனை வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால், நான் வேறு ஆர்ட் டைரக்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

தாராளமாகப் பார்த்துக்கொள். இதைப் படித்துவிட்டுப் பார்த்துக்கொள்.

நீ பார்த்தது பொய்யில்லை. ஆனால் அது அவள் போன நாள் இல்லை, வந்த நாள். சில மாதம் கழித்து, வேலை கிடைத்த கையோடு நம்மைக் கூட்டிப்போக வந்தாள். முதல் சம்பளத்தில் எடுத்த சேலை அது. அப்பா கதவைத் திறக்கவில்லை.

"சின்னவனை ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேங்க."

"இங்க உனக்கு யாரும் இல்ல."

நீ தூங்கி எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். அப்பா இருந்தவரை உனக்கு எல்லாமே அவர்தான். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. அந்தச் சிவப்பைப் போகிற காட்சியில் வைக்க என் கை வராது. யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

செட்டைப் பிரிக்காதே. வேறு ஆர்ட் டைரக்டர் யாரிடமும் நான் பேசவில்லை. அந்தக் காட்சியைத் தள்ளி வைத்துவிட்டேன். தயாரிப்பாளர் கத்துகிறார், கத்தட்டும்.

கதவுக்கு வெளியே நடக்கும் காட்சியை எழுத உட்கார்ந்தேன். கதவைத் தட்டுகிறாள் என்று எழுதினேன். அடுத்த ஷாட்டுக்கு அவள் முகம் வேண்டும். எனக்கு அம்மா முகம் ஞாபகமில்லை, அக்கா.

அம்மா விலாசம் அனுப்பு. கேமரா கொண்டு போக மாட்டேன்.

தம்பி