நீல நங்கூரம் போட்ட தட்டு

இன்று காலை திருநீறு போட்டு ஒரு வெள்ளி முள்கரண்டியைத் தேய்த்தேன். கறுப்பு விட்டதும் பிடியில் கப்பல் கம்பெனியின் முத்திரை தெரிந்தது. அந்தச் சாம்பல் வாசனையில் உன் திண்டிவனத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் ஞாயிறுதோறும் நான் விழுப்புரத்திலிருந்தும் நீ திண்டிவனத்திலிருந்தும் பஸ் பிடித்துப் புதுச்சேரியில் சந்திப்போம். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது வெளியே வரும் கப்பல் கோப்பைகளையும் கரண்டிகளையும் பழைய சாமான் கடைகளில் தேடுவோம். எனக்கு அது வெறும் பித்து. நீயோ உன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தாய்.

கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்து, யுத்தத்தில் கப்பலோடு மூழ்கியவர் அவர். ஒரு போட்டோகூட இல்லை. யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, அவரோடு வேலை செய்து அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன்பே கரையிறங்கிய ஒருவர், 'உங்க அண்ணன் குடுக்கச் சொன்னாரு' என்று தந்த நீல நங்கூரத் தட்டு மட்டும்தான். அமாவாசைக்கு அதற்குத்தான் படையல்.

அதை நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை உன் மைத்துனர்கள் முன்னால், "உசுர வேணா கேளு, தர்றேன்" என்று சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தட்டைத் திருப்பி அடி முத்திரையைப் பார்த்தேன். அசல்.

"இது டூப்ளிகேட்டுப்பா," என்றேன். "இந்த முத்திரை யுத்தத்துக்கு அப்புறம் வந்தது. எவனோ உன்ன நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கான்."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்போ அந்த ஆளு சொன்னது? அண்ணன் கடைசி வரைக்கும் என்னப் பத்தியே பேசிக்கினு இருந்துச்சுன்னானே?"

"அதுவும் கதைதான்."

அதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் வந்தபோது அந்தத் தட்டில் உன் வீட்டு நாய் சோறு தின்றுகொண்டிருந்தது. விளிம்பு உடைந்திருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நல்லவேள நீ சொன்னே. இல்லாங்காட்டி சாவுற வரைக்கும் கும்பிட்டுக்கினே இருந்திருப்பேன்." காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தார். "அண்ணே, உங்க பேச்சத்தான் அவரு நம்புவாரு. இதுல எது அசலுன்னு நீங்களே சொல்லுங்க." ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சொன்னேன். தட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஆள் உன்னிடம் பொய் சொல்லவில்லை. உன் அண்ணன் கடைசி வரை உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது தெரிந்தவன் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான்.